சீட்டில் ஐந்து வண்டி

மாலை ஆறேகால் மணி. ஆள் நடமாட்டம் இல்லாத மலைச் சாலை. முன்னால் மூன்று மோட்டார் சைக்கிள், கடைசியில் ஒன்று. அந்தக் கடைசி வண்டிக்குப் பின்னால் யாரும் இல்லை.

இல்லை என்றுதான் அதை ஓட்டியவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவை யாராவது சாத்துங்கள்... முழுசாக வேண்டாம், ஒருக்களித்து வைத்தால் போதும். இது நான் எங்கோ படித்தது இல்லை. என் கூட்டாளியின் அத்தானுக்கு நடந்தது. அவன் அக்காவைக் கட்டியவர். மெக்கானிக். ஊரில் அவரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணப் பத்திரிகையில் அவருடைய சொந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, "யாரு இந்த மாப்பிள்ளை?" என்று கேட்டவர்களே உண்டு.

ஸ்பேனருக்குச் சிநேகிதர்கள் மூன்று பேர். ஒருவர் கணக்கு வாத்தியார். ஒருவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். மருந்து விற்பதைவிட வாய் பேசுவது அதிகம். மூன்றாவது ஆள் சின்ன நெட்டை. ஆள் குள்ளம்தான். ஆனால் அவனுடைய அண்ணன் ஆறடிக்கு மேல், நெட்டையன் என்று பெயர் வாங்கியவன். அவனுக்குத் தம்பியாய்ப் பிறந்த பாவத்துக்கு இவன் சின்ன நெட்டை ஆகிவிட்டான்.

முன்பெல்லாம் இந்தக் கூட்டத்தில் ஐந்து பேர். நெட்டையன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வண்டியில் போனவன், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் இறக்கத்தில் விழுந்தான்... அங்கேயே முடிந்துவிட்டது. வளைவில் கிடந்த மணல் சறுக்கிவிட்டது என்று எழுதி மூடினார்கள். வண்டி பழைய இரும்புக்குப் போனது.

பக்கத்து நாட்டு மலைச் சாலையில் ஒரு தடவை போய் வர வேண்டும் என்பது நெட்டையனின் ஆசை. மேற்குச் சாவடியில் உள்ளே நுழைந்து, மலையைக் குறுக்காகக் கடந்து, வடக்குச் சாவடியில் இறங்கினால் மறுபடியும் சொந்த நாடு. சனிக்கிழமை மாலை உள்ளே, ஞாயிறு மாலை வெளியே. எல்லைக்கு இரண்டு பக்கமும் பேச்சு ஒன்றுதான். அந்தப் பக்கத்தார் கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள், அவ்வளவுதான். அவன் இருக்கும்போது நாளை நாளை என்று தள்ளிப் போட்டார்கள். அவன் போன பிறகு நாலு பேரும் கிளம்பினார்கள்.

இவர்களுக்கு ஒரு பழக்கம். எங்கே நிறுத்தினாலும், கிளம்பும் முன் முதல் ஆள் ஒரு தடவை ஹாரன் அடிப்பார். அடுத்தவர் அடிப்பார். அப்புறம் அடுத்தவர். கடைசி ஆளின் ஹாரன் கேட்டால்தான் முதல் வண்டி நகரும். வாத்தியார் முதலில், மருந்துக்கடை இரண்டாவது, சின்ன நெட்டை மூன்றாவது, ஸ்பேனர் கடைசி. எவன் வண்டியில் எது கழன்று விழுந்தாலும் கடைசியில் வருகிறவன் கண்ணில்தானே படும், அதனால் மெக்கானிக்குக் கடைசி இடம். அவருக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. எல்லா வண்டியும் அவர் கைபட்டவை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எது யாருடையது என்று சொல்லிவிடுவார்.

மேற்குச் சாவடிக்குப் போய்ச் சேரும்போது ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். கும்பலாக வந்தால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே அனுமதிச் சீட்டு. அதில் எத்தனை வண்டி உள்ளே போனதாக இருக்கிறதோ, அத்தனையும் ஒன்றாக வெளியே வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் உள்ளே விற்றுவிட்டதாகத்தான் அர்த்தம்; மற்ற வண்டிகளையும் ஆட்களையும் நிறுத்தி வைத்துவிடுவார்கள். இதைச் சாவடி அதிகாரி ஜலதோஷக் குரலில் இரண்டு தடவை சொன்னார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு, வரிசையாக நின்ற வண்டிகளின் நம்பரைத் தானே பார்த்து எழுதினார். ஸ்பேனர் கடைசி வண்டியில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி அவரைத் தாண்டிப் பின்னால் போனார். அங்கே விளக்கு வெளிச்சம் எட்டவில்லை. குனிந்தார்... எழுதினார்... வந்தார். பின் பலகையின் நம்பரைப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று ஸ்பேனர் நினைத்துக்கொண்டார்.

வாத்தியார் சீட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஒவ்வொரு கணக்கையும் இரண்டு தடவை சரிபார்க்கச் சொல்கிற மனுஷன்தான். கேட் மூடப் போகிறார்கள் என்ற அவசரம்.

ஆறேகாலுக்கு, மலை ஏறத் தொடங்கியதும், மழைச்சட்டை போட ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். தூறல் விட்டுவிட்டது. கிளம்ப வேண்டும். வாத்தியார் ஹாரன் அடித்தார். மருந்துக்கடை. சின்ன நெட்டை. ஸ்பேனர் அடித்தார்.

பிறகு ஒன்று கேட்டது.

தொண்டை கட்டின ஹாரன். ஆரம்பத்தில் கொர்ரென்று இழுத்து, அப்புறம்தான் சத்தம் வரும். முன்னால் இருந்த மூன்று பேரும் எதிரொலி என்று நினைத்தார்களோ என்னவோ, கிளம்பிவிட்டார்கள். ஸ்பேனர் திரும்பிப் பார்த்தார். ஈரச் சாலை. வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த ஹாரனை அவருக்குத் தெரியும். "அடுத்த சர்வீஸ்ல மாத்திடலாம்டா" என்று அவர் நெட்டையனிடம் நாலு தடவை சொல்லியும் மாற்றாத ஹாரன் அது.

இங்கே ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு உலகத்தில் ஸ்பேனர் ஒருவருக்கு மட்டும்தான் இது தெரியும்.

நெட்டையன் விழுந்ததற்கு முதல் நாள் சாயங்காலம் அவன் வண்டியின் பின் பிரேக்கைக் கழற்றி மாட்டியது ஸ்பேனர்தான். சக்கரத்தில் பிரேக் தட்டு என்று ஒன்று உண்டு. அது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் இருக்க ஒரு கம்பி பிடித்திருக்கும். கம்பிக்கு ஒரு நட்டு. நட்டு கழன்று விடாமல் இருக்க, தலையில் குத்தும் பின் அளவில் ஒரு ஸ்ப்ளிட் பின். துளையில் நுழைத்து, இரண்டு காலையும் அகட்டி மடக்கிவிட வேண்டும். அரை நிமிஷ வேலை. அந்த நேரம் பார்த்து போன் வந்தது. பேசிக்கொண்டே எழுந்து போனார். திரும்பி வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், பிரேக் பிடித்தது, வண்டியைக் கொடுத்துவிட்டார். மறுநாள் சாவுச் செய்தி வந்து, போட்டது போட்டபடி ஓடிப்போய், ராத்திரி கடைக்குத் திரும்பினால்... சாமான் தட்டில் அந்தப் பின் கிடந்தது. புத்தம் புதுசு. மடக்காத பின்.

நட்டு கழன்றதால்தான் விழுந்தானா, மணல்தான் சறுக்கியதா, யாருக்குத் தெரியும்? ஸ்பேனர் யாரிடமும் சொல்லவில்லை. நெட்டையனின் வீட்டுப் படி ஏறும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று போவார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிடுவார். பின்னைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டே இரண்டு வருஷம் திரிந்தார். சின்ன நெட்டை "அண்ணே" என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அவர் கை பர்ஸைத் தொட்டுப் பார்க்கும். அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அவருக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

அதனால் அந்த ஹாரனைக் கேட்டதும் அவருக்குப் பேய் ஞாபகம் வரவில்லை. சின்ன நெட்டை ஞாபகம்தான் வந்தது. பயலுக்குத் தெரிந்துவிட்டது... என்னை வைத்து விளையாடுகிறான்.

ஏழரைக்கு ஒரு விடுதியில் இறங்கினார்கள். கீழே நான்கு அறை, நடுவில் சிமெண்டு போட்ட முற்றம், இரும்புக் கேட். விடுதிக்கார அம்மாள் அனுமதிச் சீட்டை வாங்கித் தன் நோட்டில் பார்த்து எழுதினாள். எழுதிக்கொண்டே சொன்னாள்.

"அஞ்சு வண்டியையும் உள்ள ஏத்திடுங்க. பத்து மணிக்குக் கேட்டப் பூட்டிடுவேன்."

"நாலுதான்மா," என்றார் வாத்தியார்.

"சீட்டுல அஞ்சு போட்டிருக்கே."

வாத்தியார் சீட்டை வாங்கிப் பார்த்தார். அதுவரை அவர் அதைப் பார்க்கவே இல்லை. பெயர் நாலு, வண்டி ஐந்து. ஐந்து நம்பர், ஒரே கையெழுத்தில், வரிசையாக.

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். "அந்த ஆளு ஜலதோஷத்துக்கு என் கடை மருந்துதான் சாப்பிட்டிருப்பான்போல. ஒண்ணு ரெண்டா தெரிஞ்சிருக்கு."

சின்ன நெட்டை எட்டிப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. விரலை ஐந்தாவது நம்பரில் வைத்தான்.

"எழுபத்தொண்ணு நாப்பத்திரெண்டு. இது எங்க அண்ணன் வண்டி நம்பர்."

அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

அறைக்குள் போனதும் சண்டை தொடங்கியது. வாத்தியார் மருந்துக்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"இது உன் வேலைதான். விளையாட்டுக்கு ஒரு அளவு இல்லையா? நாளைக்கு அங்க அஞ்சு வண்டி எங்கன்னு கேட்டா என்ன சொல்றது? திங்கக்கிழமை நான் வகுப்புல நிக்கணுமா, அவனுங்க லாக்கப்புல நிக்கணுமா?"

"செத்தவன வச்சு நான் விளையாடுவேனாடா? கையெழுத்துப் போட்டது நீ. கண்ணத் தொறந்து பாத்திருக்கணும்."

"நம்பர் அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? நம்மள்ல யாரோ சொல்லியிருக்கணும்."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்பேனர் சின்ன நெட்டையைப் பார்த்தார். அவன் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு மணி இருக்கும். ஜன்னல் வழியாக ஒரு வாசனை வந்தது. பிரேக் தீய்ந்த வாசனை. நீள இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் வருமே, ரப்பரும் இரும்பும் கருகின மாதிரி... அது. மெக்கானிக் மூக்கு, சும்மா இருக்குமா? எழுந்து முற்றத்துக்குப் போனார்.

நாலு வண்டியும் நின்றன. ஒவ்வொன்றாகக் குனிந்து சக்கரத்தின் நடுவில் கை வைத்துப் பார்த்தார். வாத்தியார் வண்டி, ஜில். மருந்துக்கடை, ஜில். சின்ன நெட்டை, ஜில். தன் வண்டி, ஜில். ஐந்தரை மணி நேரமாக நிற்கிற வண்டிகள், வேறெப்படி இருக்கும்? அவர் வண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. வாசனை அங்கேதான் தூக்கலாக இருந்தது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய். விரலால் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

"தூக்கம் வரலையாண்ணே?"

சின்ன நெட்டை. தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

"வண்டியப் பாக்கலாம்னு வந்தேன்டா."

"எந்த வண்டிய?"

ஸ்பேனர் எண்ணெய் பட்ட கையைத் துணியில் துடைத்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். எங்க அண்ணன் வண்டியக் கடைசியாத் தொட்டது நீங்கதானே. அப்ப எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. பிரேக் எல்லாம் நல்லாப் புடிச்சுதே."

பிரேக்கைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. சொன்ன பிறகுதான் ஸ்பேனருக்கு உறைத்தது. சின்ன நெட்டை அவர் முகத்தையே பார்த்தான். பிறகு, "சரிண்ணே, பனி பெய்யுது, உள்ள போங்க," என்று சொல்லிவிட்டு அவனும் போய்விட்டான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லும் அளவுக்கு அவருக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை.

காலையில் விடுதிக்கார அம்மாள் டீ கொண்டுவந்தாள். ஐந்து டம்ளர்.

"அந்த நெட்டையான தம்பி எங்க? விடிய விடிய முற்றத்துலயே உக்காந்திருந்தாரே. உள்ள படுங்கன்னு சொன்னேன். வண்டிய விட்டுட்டு வர முடியாதுன்னுட்டாரு."

மருந்துக்கடைக்காரரின் வாய் முதல் தடவையாக மூடிக்கொண்டது. வாத்தியார் மட்டும் ரகசியமாகச் சொன்னார். "இந்த அம்மாவுக்கும் யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க." சொல்லிக்கொண்டே மூன்று பேரையும் சந்தேகத்தோடு பார்த்தார். அந்த ஐந்தாவது டம்ளரை யாரும் தொடவில்லை. ஆறியே போனது.

அன்றைக்குப் பகல் முழுக்க நல்ல வெயில். பேய்க்கு உகந்த வெளிச்சமே இல்லை. இருந்தும் ஸ்பேனரின் காது பின்னாலேயே இருந்தது. முன்னால் மூன்று எஞ்சின், தன்னுடையது ஒன்று. அதற்கும் பின்னால்... டக்... டக்-டக்... டக். எஞ்சின் தலையில் ஒரு தட்டல். அந்தத் தட்டலையும் அவருக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்தால் வண்டி இல்லை. தூசி மட்டும் எழும்பியிருந்தது. தன் சக்கரத் தூசி அடங்கின பிறகு, அதற்கும் இருபது முப்பது அடி பின்னால், இன்னொரு தூசி.

ஒரு நீள இறக்கம் வந்தது. ஸ்பேனர் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருள விட்டார். முன்னால் மூன்று பேரும் வளைவு தாண்டிப் போய்விட்டார்கள். இப்போது எதுவும் கேட்கக் கூடாது. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு...

டக். டக்-டக். டக்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். அவர் வேறு மாதிரி யோசித்தார். சின்ன நெட்டையிடம் அண்ணன் வண்டிச் சத்தம் போனில் பதிந்து இருக்கலாம். ஒரு சின்ன ஸ்பீக்கரை என் வண்டியிலேயே எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கலாம். ஹாரனும் அப்படித்தான். நம்பர் சொன்னதும் அவனாகத்தான் இருக்கும். அந்த அம்மாளிடம் பேசியதும் அவன்தான். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார், எல்லாம் பொருந்தியது. பொருந்தியதில் ஒரு நிம்மதிகூட வந்தது.

அடுத்த டீக்கடையில் சின்ன நெட்டை முகம் கழுவப் போனான். ஸ்பேனர் முதலில் தன் வண்டியை இருக்கைக்கு அடியில் வரை தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு அவன் பையைத் திறந்தார். துண்டு, மழைச்சட்டை, ஒரு சட்டை. அடியில் கைக்குட்டையில் சுற்றி ஏதோ கெட்டியாக இருந்தது. பிரித்தார். ஒரு வண்டிச் சாவி. வளையத்தில் ஒரு சின்ன விசில். நெட்டையனின் சாவி.

"என் பையில என்னண்ணே தேடுறீங்க?"

ஈர முகத்தோடு அவன் எதிரே நின்றான்.

"தலைவலிடா... மாத்திரை இருக்குமான்னு..."

"மருந்துக்கடையவே பக்கத்துல வச்சுக்கிட்டு அவன் பையில மாத்திரை தேடுறியா?" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் குரலில் கேலி இல்லை.

சின்ன நெட்டை சாவியை வாங்கி மறுபடியும் கைக்குட்டையில் சுற்றினான். மெதுவாகத்தான் பேசினான்.

"அவன்தான் இந்த ரோட்டுல வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான். சாவியவாவது கூட்டிட்டுப் போலாம்னு எடுத்துட்டு வந்தேன். உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல."

"அப்ப நம்பரையும் நீதான் அந்த ஆளுகிட்ட..." என்று ஆரம்பித்தார் வாத்தியார்.

"எங்க அம்மா மேல சத்தியமா இல்ல சார்."

அவன் கண்ணைப் பார்த்தபோது ஸ்பேனருக்குத் தெரிந்துவிட்டது. இவன் இல்லை. இவனுக்கு ஒன்றுமே தெரியாது. அதுவரை பிடித்துக்கொண்டிருந்த நிம்மதி அந்த இடத்திலேயே போய்விட்டது. சின்ன நெட்டை இல்லை என்றால்... இத்தனை தூரம் பின்னால் வருவது யார்?

வடக்குச் சாவடிக்கு நாலேகாலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நல்ல வெளிச்சம். உச்சியில் சாவடி, அதைத் தாண்டினால் ஐந்து மைல் ஒரே இறக்கம், கீழே சொந்த நாட்டுச் சாவடி. ஜன்னலில் ஒரு பெண் அதிகாரி. கறாரான முகம். வாத்தியார் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததைச் சொல்லத் தொடங்கினார்.

"மேடம், சீட்டுல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு..."

"வண்டியப் பாத்துட்டுப் பேசலாம்."

அவள் சீட்டும் பேனாவுமாக வெளியே வந்தாள். வாத்தியார் வண்டி. குனிந்து பார்த்தாள், டிக் அடித்தாள். மருந்துக்கடை, டிக். சின்ன நெட்டை, டிக். ஸ்பேனர் வண்டி, டிக். நாலு பேரும் ஜன்னலோரம் மூச்சு விடாமல் நின்றார்கள். அவள் இன்னும் நான்கு எட்டு பின்னால் போனாள். வெறும் சாலை. அங்கே நின்றாள். தலையை நிமிர்த்தி, நெட்டையான ஆளிடம் பேசுவதுபோல ஏதோ கேட்டாள். தலையை ஆட்டினாள். உட்கார்ந்து எதையோ பார்த்தாள். எழுந்து டிக் அடித்தாள்.

திரும்பி வந்து, "அஞ்சும் சரியா இருக்கு," என்று முத்திரை குத்தினாள்.

வாத்தியார் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடப் பார்த்தார். அவள் சீட்டை விடவில்லை.

"உங்கள்ல மெக்கானிக் யாரு?"

ஸ்பேனர் கையை உயர்த்தினார். உயர்த்தாமல் இருந்திருக்கலாம்.

"கடைசி வண்டில பின் பிரேக் கம்பிக்கு ஸ்ப்ளிட் பின் இல்ல. இந்த இறக்கத்துல அப்படியே அனுப்ப முடியாதுன்னு சொன்னேன். அதுக்கு அவரு, பின்னு மெக்கானிக் பர்ஸ்லதான் இருக்கு, ரெண்டு வருஷமா வச்சிருக்கான், கேட்டா குடுப்பான்னு சொல்றாரு. போட்டு விட்டுட்டுக் கிளம்புங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். அடுத்த வண்டிக்காரர்களைக் கூப்பிட்டாள்.

சின்ன நெட்டைக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகும் அவன் கத்தவில்லை.

"பர்ஸத் தொறங்கண்ணே."

ஸ்பேனர் திறந்தார். கடைசி மடிப்பில், அவர் மனைவியின் போட்டோவுக்குப் பின்னால், அந்தப் பின் இருந்தது. நேராக, புதுசாக.

"போட மறந்துட்டேன்டா... போன் வந்துச்சு... மறந்துட்டேன்..." என்றார். இரண்டு வருஷமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததில் அவ்வளவுதான் வெளியே வந்தது. வாத்தியாரும் மருந்துக்கடைக்காரரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சின்ன நெட்டை அவர் கையிலிருந்து பின்னை எடுத்தான். ஸ்பேனர் வண்டியைத் தாண்டி, அந்த அதிகாரி உட்கார்ந்த இடத்துக்குப் போனான். அவனும் அங்கே உட்கார்ந்தான். பின்னைத் தார் ரோட்டில் வைத்தான். பையிலிருந்து சாவியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். வந்து வண்டியில் ஏறிக்கொண்டான்.

வாத்தியார் ஹாரன் அடித்தார். மருந்துக்கடை. சின்ன நெட்டை. ஸ்பேனருக்கு அடிக்கக் கை வரவில்லை. ஆனால் பின்னாலிருந்து அந்தத் தொண்டை கட்டின ஹாரன் வந்தது. இந்தத் தடவை நாலு பேரும் கேட்டார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டிகள் நகர்ந்தன.

இறக்கத்தில் பாதி தூரம் அந்த டக்-டக் பின்னாலேயே வந்தது. பிறகு நெருங்கியது. ஸ்பேனரின் வலது காதோரம் வந்தது, சூடான எண்ணெய் வாடை அடித்தது, அவரைத் தாண்டி முன்னால் போனது. அவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. முன்னால் போன சின்ன நெட்டை மட்டும் வண்டியை ஓரம் கட்டி, கையை வீசினான். பின்னால் வருகிறவனுக்கு வழி விடும்போது, முன்னால் போ என்று காட்டுவோமே... அப்படி.

கீழே, சொந்த நாட்டுச் சாவடியில் எண்ணி எழுதினார்கள். நாலு வண்டி. நாலுதான்.

ஊருக்கு வந்ததும் ஸ்பேனர் நெட்டையனின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று என் கூட்டாளிக்குத் தெரியாது. அத்தான் அதை மட்டும் சொல்லமாட்டாராம். சின்ன நெட்டை அதற்குப் பிறகு அவருடன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வண்டியை மட்டும் அவரிடமேதான் சர்வீஸுக்கு விடுகிறான். வேலை முடிந்ததும் குனிந்து உட்கார்ந்து, பின் சக்கரத்துப் பின்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போவான்.

ஸ்பேனர் இப்போது எங்கே போனாலும் நடைதான். சொந்த வண்டி கடையிலேயே நிற்கிறது. எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் கடை சாத்தும் முன் தன் வண்டியின் பின் பிரேக் கம்பிக்கு ஒரு பின் போடுவார். இரண்டு காலையும் நன்றாக அகட்டி மடக்குவார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். காலையில் வந்து திறந்தால் பின் வண்டியில் இருக்காது. சாமான் தட்டில் கிடக்கும்.

ஒரு தடவை மடக்கின பின்னை எவ்வளவு நிமிர்த்தினாலும் மடக்கின தழும்பு போகாது. மெக்கானிக் யாரையாவது கேட்டுப் பாருங்கள். தட்டில் கிடக்கிற பின்னில் தழும்பே இருக்காதாம். நேராக இருக்கும். புத்தம் புதுசாக.

கையில் எடுத்தால் மட்டும்... கொஞ்சம் சூடாக இருக்குமாம்.